நம்பர் போட்ட பின் ஏன் இந்த மௌனம்?
இணையத் தொலைபேசியில் தாமதம் - காரணங்களும் தீர்வும்



சென்ற ஆண்டு பங்குனி மாதம். புது வற்றல் வரத்து மும்முரமாக இருந்த நேரம். முப்பது ஆண்டுகளாக எங்களிடம் வற்றலும் மல்லியும் எடுக்கும் நாகர்கோவில் பக்கத்து மொத்தக் கடைக்காரர் ஒருவர், இரண்டு வாரமாகச் சரக்கு கேட்கவே இல்லை. விலையில் குறையோ, தரத்தில் குறையோ என்று மனம் சங்கடப்பட்டது. ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது நேரிலேயே கேட்டுவிட்டோம்.

"குறை ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. மத்தியானம் உங்க கடைக்கு நம்பர் போட்டா ஒரு சத்தமும் வரல. லைன் செத்துப் போச்சுன்னு வச்சிட்டு அடுத்த கடைக்குப் போட்டேன். ரெண்டாவது மணியிலயே எடுத்தாங்க" என்றார்.

எங்களுக்குச் சுருக்கென்றது. விலையில் தோற்றால் ஆறுதல் உண்டு. மணி அடிக்காததால் ஒரு வாடிக்கை கை மாறுவதை எப்படிப் பொறுப்பது? அன்று தொடங்கி எங்கள் கடைத் தொலைபேசியை நாங்களே ஆராயத் தொடங்கினோம். படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்ட எங்களுக்கே புரிந்த விஷயம், மற்ற வியாபாரிகளுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறோம்.

டிரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டு அரை நாள் காத்திருந்த தலைமுறை நாங்கள். நம் நாட்டில் முதல் எஸ்.டி.டி. இணைப்பு 1960-ல் லக்னோ, கான்பூர் நகரங்களுக்கிடையே வந்தது. நம் ஊர்களுக்கு அது வந்து சேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த நாளில் காத்திருப்பது வழக்கம். யாரும் குறை சொல்லவில்லை. இன்றைக்கு ஐந்து வினாடி மௌனம் என்றாலே அழைத்தவர் வைத்துவிடுகிறார். பொறுமை குறைந்துவிட்டது என்று அவரைக் குறை கூறிப் பயனில்லை. சரி செய்ய வேண்டியது நாம்தான்.

இது யாருக்கெல்லாம் பொருந்தும்?

"எங்கள் கடையில் இணையத் தொலைபேசி எல்லாம் இல்லை, சாதாரண லேண்ட்லைன்தான்" என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். உங்கள் கடைக்கு ஃபைபர் கேபிள் வந்து, அதன் பெட்டியிலேயே தொலைபேசியையும் சொருகியிருந்தால், அதுவும் இணையத் தொலைபேசிதான். கருவி பழையதாக இருக்கலாம். பேச்சு போவது இணைய வழியில். கடை, குடோன், ஆபீஸ் என்று நாலைந்து கருவிகளை ஒரு சிறிய ஐ.பி. எக்ஸ்சேஞ்ச் பெட்டியில் இணைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் செய்த தவறு

தாமதம் என்றதும் நாங்கள் செய்த முதல் காரியம், இணையத் திட்டத்தை 50 எம்.பி.யிலிருந்து 200 எம்.பி.க்கு உயர்த்தியது. மாதச் செலவு கூடியதே தவிர, தாமதம் ஒரு வினாடி கூடக் குறையவில்லை. எங்கள் கணக்கப்பிள்ளையின் மகன் கம்ப்யூட்டர் படித்தவர். அவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, ரோடு அகலமாத்தான் இருக்கு. வண்டி ஷெட்டை விட்டே புறப்படலையே!"

உண்மைதான். வழக்கமான முறையில் ஓர் அழைப்புக்கு, ஒவ்வொரு திசையிலும் 100 கிலோபிட்டுக்கும் குறைவான வேகமே போதும். லைன் நெரிசலாக இருந்தால் பேச்சு விட்டு விட்டுக் கேட்கும். ஆனால் நம்பர் போட்ட பின் மணி அடிக்கத் தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம், வழியில் எதுவோ ஒன்று மற்றொன்றின் பதிலுக்காகச் சும்மா காத்திருப்பதுதான்.

மூட்டை எடை குறைந்தால் என்ன செய்வோம்?

ஏற்றிய இடத்தில் 100 மூட்டை சரியான எடை. இறக்கிய இடத்தில் எடை குறைகிறது. உடனே லாரிக்காரரைத் திட்டுவது விவரமான வியாபாரிக்கு அழகல்ல. ஏற்றும்போது எடை, லாரி வந்ததும் எடை, குடோனில் எடை என்று கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துப் பார்ப்போம். எங்கே குறைகிறதோ அங்கேதான் ஓட்டை. தொலைபேசித் தாமதத்துக்கும் இதே முறைதான். மொத்தத் தாமதத்தைப் பார்த்து மலைக்காமல், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வினாடி போகிறது என்று தனித்தனியே அளக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம், வினாடி முள் உள்ள கடிகாரம், கையில் ஒரு செல்போன். இவை போதும். கடைத் தொலைபேசியிலிருந்து உங்கள் செல்லுக்குப் பத்து முறை போட்டுப் பாருங்கள். கடைசி எண்ணை அழுத்தியதிலிருந்து செல் அடிக்கும் வரை வினாடிகளை எழுதுங்கள். பிறகு செல்லிலிருந்து கடைக்கு அதே போலப் பத்து முறை. காலையில் சில, மதியம் சில என்று பிரித்துச் செய்தால் நல்லது.

எவ்வளவு இருந்தால் சரி? உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு. வகுத்த பரிந்துரையில், சாதாரண நெரிசலில் சராசரியாக உள்ளூருக்கு 3 வினாடி, வெளியூருக்கு 5 வினாடி, வெளிநாட்டுக்கு 8 வினாடி என்று உள்ளது. எங்கள் கடையிலிருந்து போன அழைப்பு 11 வினாடி எடுத்தது. அந்த 11 எங்கே போயிற்று என்பதைக் கீழே சொல்கிறோம்.

1. எண் முடிந்ததா என்று பெட்டி காத்திருப்பது

நாம் எண்ணை ஒவ்வொன்றாக அழுத்துகிறோம். எது கடைசி எண் என்று பெட்டிக்குத் தெரியாது. "இன்னும் அழுத்துவாரோ" என்று சில வினாடி பார்த்துவிட்டுத்தான் அழைப்பை வெளியே அனுப்பும். இந்தக் காத்திருப்பு பல பெட்டிகளில் 4 வினாடி. சிலவற்றில் 10 வினாடி வரை உண்டு. எங்கள் 11 வினாடியில் 4 இதிலே போயிற்று.

கண்டுபிடிக்கும் வழி மிகச் சுலபம். எண்ணை அழுத்தி முடித்ததும் ஹாஷ் (#) விசையை அழுத்திப் பாருங்கள். "முடிந்தது, அனுப்பு" என்பதற்குப் பெரும்பாலான பெட்டிகளில் அதுதான் அடையாளம். தாமதம் சட்டென்று குறைந்தால் குற்றவாளி இதுவே. கடைப் பையன்களுக்கு அதையே பழக்கிவிட்டால் காசு செலவில்லாத வைத்தியம்.

நிரந்தரத் தீர்வு, பெட்டியில் உள்ள 'டயல் பிளான்' என்னும் பட்டியலைத் திருத்துவது. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல் எண்ணுக்குப் போட முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது விதி. ஆக, 0-வுடன் 10 இலக்கம், மொத்தம் 11. வெளியூர் லேண்ட்லைனும் எஸ்.டி.டி. கோடோடு சேர்த்து அதே 11 தான். எங்கள் விருதுநகர் எண்ணையே எடுத்துக்கொண்டால், 04562 என்பது ஐந்து, அதன் பின் ஆறு. "0-வில் தொடங்கி, அடுத்தது 0 அல்லாமல், 11 இலக்கம் வந்தவுடன் அனுப்பு" என்று பட்டியலில் எழுதிவிட்டால் பெட்டி ஒரு வினாடி கூடக் காத்திராது. 00-வில் தொடங்கும் வெளிநாட்டு எண்கள் நாட்டுக்கு நாடு நீளம் மாறும். அவற்றுக்குக் காத்திருப்பை வைத்து, ஹாஷ் அழுத்தப் பழகுவதே சரி. 112 போன்ற அவசர எண்களைப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். திருத்தம் செய்பவர் மறக்கக்கூடிய இடம் அது.

இன்னொரு நுணுக்கம். குடோனுக்கு 201, ஆபீசுக்கு 202 என்று உள் எண் வைத்திருந்தோம். உள்ளூர் எண்களும் 2-ல் தொடங்குபவை. 201 என்று அழுத்தியதும், இது குடோனா, ஆறு இலக்க உள்ளூர் எண்ணின் தொடக்கமா என்று பெட்டி குழம்பிக் காத்திருந்தது. பத்தடி தூரத்துக் குடோனை அழைக்கவும் 4 வினாடி! உள் எண்களை 701, 702 என்று மாற்றியதும் அது தீர்ந்தது. உங்கள் ஊரில் எந்த எண்ணில் உள்ளூர் இணைப்புகள் தொடங்குகின்றனவோ, அதை உள் எண்ணுக்கு வைக்காதீர்கள்.

2. விலாசம் கேட்டு நிற்பது

அடுத்த 5 வினாடிதான் எங்களைப் பல வாரம் ஆட்டிவைத்தது. ஹாஷ் அழுத்தினாலும் குறையாத தாமதம் இது.

தொலைபேசி நிறுவனத்தின் சர்வர் நம் பெட்டிக்குப் பெயரால் தெரியும். அந்தப் பெயருக்குரிய எண் விலாசத்தை, டி.என்.எஸ். என்னும் விலாசப் பதிவேட்டைக் கேட்டுத்தான் பெட்டி அறிய வேண்டும். கேட்கும் இடம் பதில் சொல்லாவிட்டால், வழக்கமாக 5 வினாடி பார்த்துவிட்டு, இரண்டாவது இடத்தைக் கேட்கும். இரண்டாவது உடனே பதில் தரும். அழைப்பும் போய்விடும். ஆகவே பழுது என்று யாருக்கும் தோன்றாது. தாமதம் மட்டும் நிற்கும்.

நாங்கள் அதற்கு முந்தைய தையில் இணைய நிறுவனத்தை மாற்றியிருந்தோம். கம்ப்யூட்டர்கள் புது ரவுட்டரிடமிருந்து புது விலாசங்களைத் தாமாகவே எடுத்துக்கொண்டன. தொலைபேசிப் பெட்டியில் மட்டும், பழைய நிறுவனத்தின் டி.என்.எஸ். விலாசம் கையால் எழுதிவைத்தது அப்படியே இருந்தது. பழைய நிறுவனம் தன் வாடிக்கையாளர் அல்லாதவருக்கு ஏன் பதில் சொல்லப்போகிறது? வீடு மாறிய பிறகும் பழைய தெருத் தபால்காரரையே விசாரித்துக் கொண்டிருந்த கதைதான். ஒரு வரியைத் திருத்தினோம்; 5 வினாடி போயே போய்விட்டது.

அடையாளம் என்னவென்றால், கம்ப்யூட்டரில் இணையம் மின்னலாக ஓடும், போனில் மட்டும் ஏறக்குறைய மாறாத தாமதம். சில பெட்டிகள் கேட்டறிந்த விலாசத்தைச் சற்று நேரம் நினைவில் வைத்திருக்கும். அங்கே தாமதம் ஒரு முறை வரும், அடுத்த முறை வராது.

இதே இனத்தைச் சேர்ந்தது 'ஸ்டன்' என்னும் அமைப்பு. நம் கடையின் வெளி விலாசம் என்ன என்று வெளியிலுள்ள ஒரு சர்வரைக் கேட்பது அது. அந்த சர்வர் மூடப்பட்டிருந்தால், அழைப்புக்கு அழைப்பு பெட்டி அங்கே காத்து நிற்கலாம். தொலைபேசி நிறுவனம் தேவை இல்லை என்றால் எடுத்துவிடுங்கள். தேவை என்றால் சரியான பெயரைக் கேட்டு எழுதுங்கள்.

3. அனுப்பிய சீட்டுக்குப் பதில் வராதது

இணையத் தொலைபேசி பெரும்பாலும் 'சிப்' என்னும் முறையில் இயங்குகிறது. இன்றைய வடிவில் அது 2002-ல் வகுக்கப்பட்டது. அதன் நடைமுறை நம் கடைச் சீட்டுப் போன்றதே. நம் பெட்டி 'இன்னாரை அழைக்க வேண்டும்' என்று சீட்டு அனுப்பும். சர்வர் முதலில் 100 என்று பதில் தரும். "சீட்டு கிடைத்தது, முயல்கிறேன்" என்று பொருள். பிறகு 180, "அங்கே மணி அடிக்கிறது". எதிரே எடுத்ததும் 200.

சீட்டுக்குப் பதில் வராவிட்டால், அரை வினாடி கழித்து மறுபடி அனுப்பும். பிறகு 1 வினாடி, 2 வினாடி, 4 வினாடி என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே போகும். 32 வினாடி ஆனதும் கைவிடும். நிறுவனம் இரண்டு சர்வர் விலாசம் கொடுத்து, முதலாவது நின்றுபோயிருந்தால், திருத்தாத பெட்டி அத்தனை நேரமும் அங்கேயே தட்டிவிட்டுத்தான் இரண்டாவதுக்குப் போகும்.

ரவுட்டரில் 'சிப் ஏ.எல்.ஜி.' என்று ஒரு வசதி இருக்கும். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சீட்டைப் பிரித்துத் திருத்தி அனுப்புவது அதன் வேலை. பல ரவுட்டர்களில் இது உபத்திரவமாகவே முடிகிறது. நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டு நிறுத்திப் பாருங்கள்.

பெட்டியின் பதிவேட்டில் இந்த மூன்று எண்களும் நேரத்துடன் இருக்கும். அதை வைத்தே தீர்ப்புச் சொல்லலாம். சீட்டே தாமதமாகப் புறப்பட்டிருந்தால் குறை நம் பெட்டியில். சீட்டு உடனே போய், 100 தாமதமாக வந்தால் குறை நம் ரவுட்டரிலோ, வழியிலோ, சர்வரிலோ. 100 உடனே வந்து, 180 மட்டும் தாமதம் என்றால் நம் பக்கம் சுத்தம். நிறுவனமும் அதற்கு அப்பால் உள்ளவர்களும்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் கணக்கில் எஞ்சிய 2 வினாடி இந்த வகை. அது நியாயமானது, விட்டுவிட்டோம்.

சில நேரம் எதிரே மணி அடித்துக் கொண்டிருக்கும். நமக்கு மட்டும் அந்த ஒலி கேட்காது. அது தாமதம் அல்ல, மணி ஒலி வந்து சேராத குறை. செல்லைப் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும்.

4. உள்ளே வரும் அழைப்பு: மூடிய கதவு

இப்போது நாகர்கோவில் நண்பர் விஷயத்துக்கு வருவோம். அவர் கூப்பிட்டது எப்போதும் மதியம் இரண்டரை மணி சுமாருக்கு. காலையில் கூப்பிட்ட மற்றவர்களுக்கு லைன் கிடைத்தது. ஏன்?

நம் பெட்டி, "நான் இங்கே இருக்கிறேன்" என்று சர்வரிடம் பதிந்து வைக்கிறது. அந்தப் பதிவு எங்கள் பெட்டியில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஆனால் இடையில் உள்ள ரவுட்டர், போக்குவரத்து இல்லாவிட்டால் சில நிமிடத்திலோ, அரை நிமிடத்திலோ கூடக் கதவைச் சாத்திவிடும். காலையில் ஓயாமல் வெளியே அழைத்துக்கொண்டே இருப்பதால் கதவு திறந்தே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பேச்சு ஓய்ந்ததும் மூடிக்கொண்டது. சர்வர் வந்து தட்டிக்கொண்டே நின்றது. அழைத்தவருக்கு வெறும் மௌனம். பழைய ரவுட்டர் பொறுமைசாலி, புதியது அவசரக்காரன். அதனால்தான் நிறுவனம் மாற்றிய பின் இந்தக் குறை முளைத்தது.

அடையாளம்: நீண்ட நேரம் சும்மா இருந்த பிறகு செல்லிலிருந்து கடைக்குப் போட்டால் மணி வராது. கடையிலிருந்து ஒரு முறை வெளியே அழைத்துவிட்டுப் போட்டால் உடனே வரும். தீர்வு: பெட்டியில் 'கீப் அலைவ்' என்னும் இடத்தில் 20 அல்லது 30 வினாடி என்று வைப்பது. அவ்வப்போது ஒரு சிறு சைகை போய்க் கதவை மூடவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

பழைய செம்புக் கம்பி லைனை ஒரு கேட்வே மூலம் எக்ஸ்சேஞ்ச் பெட்டியில் இணைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். அழைப்பவர் எண்ணைப் படிப்பதற்காகச் சில கேட்வேக்கள் ஒன்றிரண்டு மணி அடித்து முடியும் வரை அழைப்பை உள்ளே விடாது. அந்த லைனில் எண் தெரியும் வசதியே இல்லை என்றால், அதை நிறுத்திவிட்டால் சில வினாடி மிச்சம்.

செல்போனில் இணையத் தொலைபேசிச் செயலி வைத்திருப்பவர்களுக்கு: பேட்டரி மிச்சம் பிடிக்கும் வசதி அந்தச் செயலியைத் தூங்கவைத்துவிடும், அழைப்பு வந்து எழுப்புவதற்குள் நேரமாகும். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். சாதாரண செல் அழைப்பிலும் ஒன்று உண்டு. 4ஜி போனில் 'வோல்ட்டி' அணைந்திருந்தால், ஒவ்வொரு அழைப்புக்கும் போன் பழைய அலைவரிசைக்கு இறங்கித்தான் பேசும். அதிலும் சில வினாடி வீண். செட்டிங்கில் அதைப் போட்டுவையுங்கள்.

கையாளும் முறை

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, பத்து அழைப்பு அளந்து, நோட்டில் எழுதிய பின் அடுத்தது. மாற்றும் முன் பழைய அமைப்பைக் குறித்துவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு செய்வது உத்தமம்.

நிறுவனத்திடம் புகார் செய்யும்போது, "லைன் ஸ்லோ" என்று சொன்னால், "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்ற பதில்தான் வரும். எங்களுக்கும் மூன்று முறை அதுவே கிடைத்தது. தேதி, நேரம், போட்ட எண், எத்தனை வினாடி, 100 எப்போது வந்தது, 180 எப்போது வந்தது என்று எழுதிக்கொடுத்தால் தட்டிக்கழிக்க முடியாது.

ஓர் எச்சரிக்கை. வெளியிலிருந்தே சரி செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், தொலைபேசிப் பெட்டியின் கதவை உலகத்துக்கே திறந்துவைக்கச் சம்மதிக்காதீர்கள். பாஸ்வேர்டு பலமாக இல்லாவிட்டால், திருடர்கள் நுழைந்து நம் கணக்கில் வெளிநாட்டுக்கு அழைப்புப் போட்டு, பில்லை நம் தலையில் கட்டிவிடுவார்கள்.

இப்போது எங்கள் கடையிலிருந்து போகும் அழைப்பு இரண்டு வினாடியில் மணி அடிக்கிறது. கூடுதல் வேகத் திட்டத்தையும் பழையபடி குறைத்துவிட்டோம். எல்லாம் சரியான பின், நாகர்கோவில் நண்பருக்கு நாங்களே போன் செய்து, "மத்தியானம் ரெண்டரைக்கு ஒரு தடவ போட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டோம். போட்டார். முதல் மணியிலேயே எடுத்தோம். அந்த வாரமே இருபது மூட்டை வற்றல் ஏறியது. ஆனாலும் அடுத்த கடையோடு அவர் தொடங்கிய வாடிக்கை விட்டுப்போகவில்லை. இன்றும் பாதிச் சரக்கு அங்கேதான் எடுக்கிறார். எத்தனை வாரம், எத்தனை பேர் இப்படி மௌனத்தைக் கேட்டுவிட்டு வைத்தார்களோ, அந்தக் கணக்கு எங்கள் பேரேட்டில் இல்லை.

ஆகவே உங்கள் கடைக்கு, சாப்பாட்டு நேரத்தில், வெளியிலிருந்து நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். வினாடியை எண்ணுங்கள். வேறு காரணம் கண்டு தீர்த்தவர்கள் இவ்விதழுக்கு எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.